பக்கத்து இருக்கைக்காரர்

வாக்குச்சீட்டில் ஒரு நம்பர் அச்சடித்திருக்கும். நான் பெருக்கல் குறி போட்ட கையோடு அந்த நம்பர் எங்கோ குளிரூட்டிய ஓர் அறைக்குப் போய்ச் சேரும், அங்கே உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்காரர் ஒருவர் என் பெயரைப் பார்த்து “ஓகோ” என்பார், மறுநாள் முதல் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி என் மாடியில் மட்டும் நிற்காது. இப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். மின்தூக்கி ஏன் என்று என் மனைவி அப்போதே கேட்டாள். பயத்துக்கு ஓர் உருவம் வேண்டாமா? பதினோராம் மாடியில் குடியிருப்பவன் வேறு எதைப் பிடித்துக்கொண்டு பயப்படுவான்.

அப்போது எனக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. மாட்டேன் என்று சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை. நான் குடியிருந்த இடங்களிலெல்லாம் எதிர்த்து நிற்க ஆள் வரவில்லை. எதிரே ஆள் இல்லையென்றால் தேர்தலே கிடையாது. வேட்புமனுத் தாக்கல் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போட்டியின்றி வெற்றி என்று அறிவித்துவிடுவார்கள். நாமும் நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடலாம். அப்படியே பழகிப்போனவனை ஒரு வருஷம் திடீரென்று “உங்கள் தொகுதியில் போட்டி, வந்து வாக்களிக்கவும்” என்று கூப்பிட்டால் பயமாக இருக்காதா?

அந்தப் பயத்தைத் தீர்த்துவைத்தவர் ஒருவர். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், வழக்கம்போல என்னைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. பூன் லே பக்கம் எங்கள் பேட்டையில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். பேச்சின் கடைசியில் இந்த ஊர் வழக்கப்படி சும்மா ஒரு ‘லா’ போடுவார்.

பயிற்சிக் காரில் பிரேக் இரண்டு இருக்கும். ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து இருக்கையில் மாஸ்டர் காலடியில் ஒன்று. என்னைப் போன்றவர்களுக்காகவே கண்டுபிடித்த ஏற்பாடு. நான் பயந்து பல்லைக் கடிக்கும்போதெல்லாம் அவர் சாலையைப் பார்த்தபடியே, “நான் பக்கத்துலதான் இருக்கேன்” என்பார். குரலை உயர்த்த மாட்டார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி நான் ஜூரோங்கின் கொள்கலன் லாரிகளுக்கு நடுவே புகுந்திருக்கிறேன்.

ஒரு நாள் கிராஞ்சிப் பக்கம், பண்ணைகளுக்கு நடுவே போகிற ஆளில்லாத சாலையில் ஓட்டவிட்டார். எதிரே ஒரு லாரி வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த தமிழ்நாட்டுத் தம்பிகள், வேலை முடிந்து விடுதிக்குத் திரும்புகிறவர்கள், பயிற்சிக் காரைப் பார்த்துச் சிரித்துக் கைகாட்டினார்கள். நானும் கைகாட்டினேன். இரண்டு கையாலும்.

கார் ஒரு முருங்கை மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. நிறுத்தியது நானல்ல.

“ஸ்டியரிங்க யாரு பிடிச்சா பிரதர்?”

“நீங்கதான் இருக்கீங்களே மாஸ்டர்.”

“நான் பிரேக்குக்கு மட்டும் லா.”

ஓட்டுநர் தேர்வன்று பக்கத்து இருக்கையில் அவர் இருக்கக்கூடாது, பரிசோதகர் உட்காருவார். இது எனக்குத் தெரியாதென்றில்லை. இருந்தும் முதல் திருப்பத்திலேயே பரிசோதகரைப் பார்த்து, “மாஸ்டர், இப்பத் திரும்பலாமா?” என்று தமிழில் கேட்டுவிட்டேன். அவர் சீனர். எதையோ எழுதிக்கொண்டார். திரும்பி வந்தபோது மாஸ்டர் கேன்டீனில் எனக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கிவைத்துக்கொண்டு காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கோப்பையில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார்.

அவரிடம் அப்படியொரு குணம். யாருக்கு எங்கே தனியாகப் போக நடுக்கமோ அங்கே அவர் கூட வருவார். கீழே கோப்பிக் கடை வைத்திருந்த சீன அங்கிளின் மனைவிக்கு அறுவை சிகிச்சை என்றால் மாஸ்டர் காரில்தான் மருத்துவமனை. ஆறாம் மாடி மலாய்க்கார மக்சிக், அந்த அம்மாவை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், மகனைக் கட்டாய ராணுவத் தேசிய சேவைக்கு அனுப்பிவிட்டு அழுதபோது அழுகை முடியும்வரை பக்கத்தில் நின்றது மாஸ்டர்தான். எனக்குப் பல் பிடுங்கியபோதும் வந்தார். வந்து என்ன செய்வார் என்றால் ஒன்றும் செய்ய மாட்டார். ஒரு குடை, சட்டைப் பையில் மூன்று பேனா, இவற்றோடு கதவுப் பக்கம் நிற்பார். அது போதும். உள்ளே பல் வைத்தியர் ஊசியை எடுக்கும்போது, வெளியே மாஸ்டர் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அதற்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை புரியவில்லை. ஆனால் வலி குறைந்தது நிஜம்.

என் மனைவிக்குத்தான் ஏதோ இடித்தது. “கவனிச்சீங்களா, அவரு கதவு வரைக்கும்தான் வர்றாரு” என்றாள் ஒரு நாள்.

“வேற எங்க வரணும்? பல்லுக்குள்ளயா?”

“இல்ல, எங்க தம்பி கல்யாணத்துலயும் பார்த்தேன்.”

அவள் தம்பியின் கல்யாணம் காத்தோங்கில், சிலோன் சாலைக் கோயிலில் நடந்தது. தாலி கட்டி முடித்துத் திருமணப் பதிவுக்கு உட்கார்ந்தபோது சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டியவர் விரைவுச்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார். பதிவு செய்பவர் அடுத்த கல்யாணத்துக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். பக்கத்தில் நின்றது மாஸ்டர். “நீங்க போட்டுடுங்க மாஸ்டர்” என்றார் மாப்பிள்ளை. மாஸ்டர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். திறந்து என் கையில் கொடுத்தார். “நீங்க போடுங்க பிரதர். என் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். நல்ல நாள்ல எதுக்கு” என்றார். நான் போட்டேன். அந்தக் கல்யாணத்தில் சண்டை வரும்போதெல்லாம் மைத்துனன் இன்றும் எனக்குத்தான் போன் செய்கிறான்.

சரி, அந்த முதல் ஓட்டு. வாக்களிப்புக்கு முந்தின வாரம் பயிற்சியின்போது மாஸ்டரிடம் மின்தூக்கி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். வட்டச் சந்தியில் யாருக்கு வழிவிட வேண்டும் என்று விளக்குகிற அதே குரலில் விளக்கினார்.

“நம்பர் இருக்கு பிரதர். யாரும் மறைக்கல. எதுக்குன்னா, எவனாவது கள்ளச்சீட்டு அடிச்சு உள்ள போட்டா கண்டுபிடிக்கணும்ல. எண்ணி முடிச்சதும் எல்லாத்தையும் பெட்டியில போட்டு, முத்திரை வெச்சு, கோர்ட்டுப் பெட்டகத்துல பூட்டிடுவாங்க. ஆறு மாசம். அப்புறம் எரிச்சிடுவாங்க. நடுவுல திறக்கணும்னா கோர்ட்டு உத்தரவு வேணும். உங்க சீட்டைப் பார்க்கணும்னு கோர்ட்டுக்கு யாரு போவா? நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?”

“ஸ்டோர்கீப்பர்.”

“அதான் சொல்றேன்.”

வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாக மட்டம் தட்டியதில்லை. பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதிக்கு அவர் இன்னொன்று சொன்னார்: “போடாம விட்டாத்தான் வம்பு. பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் மனு எழுதிப் போட்டுத் திரும்பச் சேர்க்கணும். எதுக்கு அந்த வேலை? போனமா, போட்டமா, வந்தமான்னு இருக்கணும்.”

வாக்களிப்பு நாளன்று என்னையும் மனைவியையும் கோப்பிக் கடை அங்கிளையும் மக்சிக்கையும் அவரே காரில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நடக்கிற தூரம்தான். ஆனாலும் அவர் காரில் போனால் தைரியம். வாசலில் இறக்கிவிட்டுக் குடையோடு நின்றார்.

“நீங்க வரலயா மாஸ்டர்?”

“நான் காலையிலேயே முடிச்சிட்டேன் லா. கூட்டம் இல்ல. போங்க, நான் இங்கதான் நிக்கறேன்.”

உள்ளே அதிகாரி என் பெயரை உரக்கப் படித்தார். அது வழக்கமாம். அதுவும் பள்ளிக்கூட வகுப்பறை வேறு. என்னையறியாமல் “பிரசண்ட் சார்” என்று கையைத் தூக்கிவிட்டேன். சீட்டை வாங்கி மறைப்புக்குள் போனேன். நம்பரைப் பார்த்தேன். நம்பர் என்னைப் பார்த்தது. கோர்ட்டுப் பெட்டகம், ஆறு மாசம், எரிச்சிடுவாங்க என்று மந்திரம்போல முணுமுணுத்துக்கொண்டே பெருக்கல் குறி போட்டேன். பெட்டிக்குள் சீட்டைத் தள்ளிய பிறகும் நகராமல் அங்கேயே நின்றேன். அது பயமில்லை. இத்தனை வருஷம் இந்த ஊரில் வரி கட்டி, வரிசையில் நின்று, எட்டு மணி நேர வேலைக்கு நாற்பது நிமிஷம் ரயிலில் தொங்கிக்கொண்டு போனவனிடம் ஒருத்தர் முதல் தடவையாக அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். அந்த மாதிரி.

வெளியே வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். மறுநாள் மின்தூக்கி பதினோராம் மாடியில் நின்றது. அதில் ஏறிக் கீழே போய், திரும்ப மேலே வந்து, இன்னொரு தடவையும் சோதித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து எல்லைக்கோடுகளைத் திருத்தினார்கள். பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நிற்கும் பெரிய குழுத்தொகுதியிலிருந்து எங்கள் புளோக்குகளைப் பிரித்து, ஒருவர் மட்டும் நிற்கும் தனித்தொகுதியில் போட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் கிழக்கிலிருந்து வீடு மாறி நர்ஸ் அக்கா எங்கள் புளோக்குக்கு வந்திருந்தார். ஓய்வு பெற்ற நர்ஸ். யாரைப் பார்த்தாலும் முதலில் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார், பிறகுதான் முகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடியில் நான், மனைவி, மாஸ்டர், நர்ஸ் அக்கா நான்கு பேரும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னார்: “நான் தேர்தல்ல நிக்கலாம்னு இருக்கேன்.”

எனக்குப் புரையேறியது. மனைவிதான் கேட்டாள்: “எந்தக் கட்சிக்கா?”

“என்னைய எந்தக் கட்சிம்மா சேத்துக்கும். சுயேச்சை.”

“ஜெயிச்சிடுவீங்களா?”

“மாட்டேன்” என்றார், உப்பு குறைவு என்று சொல்கிற மாதிரி. “எனக்கு அறுபத்திரண்டு ஆகுது. இதுவரைக்கும் ஓட்டுச்சீட்டைக் கையால தொட்டதில்ல. நான் இருந்த பக்கம் எப்பவும் போட்டியில்லாமப் போயிடும். இங்கயும் இந்தத் தடவை யாரும் நிக்கப்போறதில்லன்னு பேசிக்கறாங்க. யாராவது எதிர்ல நின்னாத்தானே ஓட்டு? சரி, நானே நின்னு, நானே ஒண்ணு போட்டுக்கறேன். அது போதும் எனக்கு.”

“ஒரு ஓட்டுக்காகவா?” என்றேன்.

“ஏன், உங்களுக்குக் கெடச்சுதுல்ல?”

மாஸ்டர் தோசையைப் பிய்த்தபடி, “நான் இருக்கேன்க்கா” என்றார். யாரும் கேட்காமலேயே.

நிற்பதற்கு மனம் மட்டும் போதாது. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், ஆதரித்துக் கையெழுத்துப் போட நான்கு பேர். ஆறு பேரும் அதே தொகுதியின் வாக்காளர் பதிவேட்டில் இருக்க வேண்டும், வேட்பாளரோடு நேரில் வந்து நிற்க வேண்டும். அதுவும் பன்னிரண்டு மணிக்குள். சட்டம் அவ்வளவுதான். ஆனால் ஆள் தேடி எங்கள் நடைபாதையில் இறங்கினால் அல்லவா தெரியும். ஒருத்தர் மகளுக்கு வீட்டு வாரியத்திடமிருந்து புது வீடு வரவேண்டியிருந்தது. ஒருத்தர் மச்சான் அரசாங்க வேலை. ஒருத்தர் கொள்கையளவில் ஆதரவு, கையளவில் இல்லை. இன்னொருவர் பூனைக்கு உடம்பு சரியில்லை என்றார். அவர் வீட்டில் பூனையை நான் பார்த்ததே இல்லை.

சிரிக்கிறேனே தவிர, நானும் அந்தக் கூட்டம்தான். அக்காவின் தங்கை முன்மொழியவும், கோப்பிக் கடை அங்கிள் வழிமொழியவும் சம்மதித்தார்கள். ஆதரிக்க மக்சிக் சரியென்றார். என் மனைவி என்னைக் கேட்காமலேயே சரியென்றாள். மாஸ்டர் ஏற்கனவே இருக்கிறார். ஆக, பாக்கி நான். மறுபடி அந்தக் கண்ணாடிக்காரர் கனவில் வந்தார். இந்தத் தடவை அவருக்கு நம்பரே தேவைப்படவில்லை, என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

“மாஸ்டர், வேட்புமனுவை வெளியில ஒட்டி வைப்பாங்களாமே. எல்லாரும் படிப்பாங்களாமே.”

“ஒட்டுவாங்க. அதுல பக்கத்துலயே என் பேரும் இருக்கும்ல?”

இதற்கு மேல் என்ன பேசுவது. சரியென்று விட்டேன்.

ஆறு பேரின் பெயரும் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். அடையாள அட்டைகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு சமூக மன்றத்துக்குப் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்து, “எல்லார் பேரும் இருக்கு லா, எழுத்துப் பிழைகூட இல்ல” என்றார். யார் யார் பேரையெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. பிரேக்கை யார் போய்ச் சோதிப்பார்.

என் மனைவிக்கு மட்டும் இன்னொரு யோசனை இருந்தது. “கூடுதலா ஒருத்தரை வெச்சுக்கலாம்க்கா. மூணாவது மாடி பஸ் டிரைவர் அண்ணன் அரை மனசா இருக்காரு. கேட்டா வருவாரு.”

மாஸ்டர் கையை ஆட்டினார். “எதுக்கு அவரைத் தொந்தரவு பண்றீங்க. அவருக்கு அன்னைக்கு ஷிப்டு. ஆறு பேரு போதும். நான் இருக்கேன்ல?”

அக்காவும் தலையாட்டினார். விட்டுவிட்டோம்.

வேட்புமனுத் தாக்கல் அன்று நான் போட்டுக்கொண்டு போனது கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மனைவி இரண்டையும் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கழிப்பறை எந்தப் பக்கம் என்று நான் இரண்டு அதிகாரிகளிடம் விசாரித்தேன். இரண்டு பேரும் ஒரே பக்கத்தைக் காட்டியதில் கொஞ்சம் ஆறுதல். மாஸ்டர் வெள்ளைச் சட்டை, தேய்த்த மடிப்புக் கலையாமல், மூன்று பேனாவோடு எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். “நான் பக்கத்துலதான் இருக்கேன்” என்றார்.

மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றோம். நர்ஸ் அக்கா கிளிப்பச்சைப் புடவை. தேர்தல் அதிகாரி பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவராகச் சரிபார்த்தார். அக்கா, சரி. தங்கை, சரி. அங்கிள், மக்சிக், என் மனைவி, சரி. என் பெயரைப் படித்தபோது இந்தத் தடவை நான் கையைத் தூக்கவில்லை. ஓடிவிடலாமா என்று ஒரு தடவை கதவைப் பார்த்தேன். ஆனால் நின்றேன். வெளியே ஒட்டட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று ஒரு நிமிஷம் எனக்கே தெரியாத யாரோ ஒருத்தனாக நின்றேன்.

அதிகாரியின் விரல் மறுபடி மேலே போயிற்று. கீழே வந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். பிறகு மாஸ்டரைப் பார்த்து மிகவும் பணிவாக ஆங்கிலத்தில் சொன்னார்: ஐயா, உங்கள் பெயர் இந்தத் தொகுதிப் பதிவேட்டில் இல்லையே.

அச்சுப்பிழையாக இருக்கும் என்றேன் நான், எல்லோருக்கும் முன்னால். இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். பல் பிடுங்கும்போது என் கதவில் நின்றவர், அவர் பெயர் எப்படி இல்லாமல் போகும். அதிகாரி இன்னொரு தடவை பார்த்தார். போன தேர்தலில் வாக்களிக்காததால் பெயர் நீக்கப்பட்டிருக்கிறது என்றார். பன்னிரண்டு மணிக்கு முன் வேறு ஒரு வாக்காளரைக் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிஷம் இருந்தது.

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்க்கிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் அக்கா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே இருந்த வேலிப் பக்கம் ஓடினார். அந்த வேலிக்கு அப்பால் அதே மண்டபத்தில் மனுக் கொடுக்க வந்த பல தொகுதிக் கூட்டம், பெரும்பாலும் மற்றத் தரப்புகளின் ஆதரவாளர்கள், கொடியும் விசிலுமாக. “எங்க தொகுதியில ஓட்டு இருக்கறவங்க யாராவது இருக்கீங்களா? ஒரே ஒரு கையெழுத்து” என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்டார். ஒரு பையன் கையைத் தூக்கினான். தான் போட்டிருந்த சட்டையின் நிறத்தைக் குனிந்து பார்த்தான். கையை இறக்கிக்கொண்டான். மனைவி பஸ் டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவருக்கு அன்றைக்கு ஷிப்டே இல்லையாம், வீட்டில் காலை நீட்டிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தாராம். “முன்னாடியே சொல்றதுக்கென்ன தங்கச்சி, இருங்க வர்றேன்” என்று டாக்சி பிடித்தார்.

நான் என்ன செய்தேன்? மாஸ்டரிடம் போனேன்.

“அன்னைக்குக் காலையிலேயே முடிச்சிட்டேன்னீங்களே மாஸ்டர்.”

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாக்களை வரிசையாகச் சரிசெய்தார்.

“நீங்க போகலயா?”

“வாசல் வரைக்கும் போனேன்” என்றார். பிறகு, என்னைவிடக் கொஞ்சம் தாழ்ந்த குரலில், “அந்த நம்பர் லா, பிரதர்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. கோர்ட்டுப் பெட்டகம், ஆறு மாசம், எரிச்சிடுவாங்க. “என்கிட்ட அவ்வளவு சொன்னீங்களே.”

“சொன்னதெல்லாம் நெசந்தான். எனக்கும் தெரியும்.”

“பேரை எடுத்துட்டாங்கன்னும் தெரியும்.”

“கடுதாசி வந்துச்சு.”

“தெரிஞ்சேதான் இன்னைக்குக் கையெழுத்துப் போட்டீங்களா?”

“அக்கா கூப்பிட்டாங்க. நான் எப்படி வரமாட்டேன்னு சொல்றது” என்றார். “சரியாப் பார்க்க மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

அக்கா யாரையும் கூப்பிடவில்லை. தேக்காவில், தோசைக்கு முன்னால், அவராகத்தான் சொன்னார். இது என் வாய்வரை வந்தது, சொல்வதற்குள் மண்டபத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. பன்னிரண்டு. கதவைச் சாத்தினார்கள். பஸ் டிரைவர் அண்ணன் டாக்சியிலிருந்து இறங்கிச் செருப்புக் காலோடு ஓடிவந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து. வீட்டில் கட்டியிருந்த கைலியைக்கூட அவர் மாற்றியிருக்கவில்லை.

எங்கள் தொகுதியில் ஒரே ஒரு வேட்புமனு செல்லுபடியாகியிருப்பதாகவும், அந்த வேட்பாளர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாகவும் அறிவித்தார்கள். வேலிக்கு அப்பால் ஆரவாரம். வழக்கம்போல, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால்.

நர்ஸ் அக்கா கத்தவில்லை. வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு மாஸ்டருக்கு எதிரே வந்து நின்றார். காலைப் பார்க்கவில்லை, நேராக முகத்தைப் பார்த்தார். “வரலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார்.

மாஸ்டர், “நான் வந்தேன்லக்கா” என்றார்.

அது கேலியில்லை, சாக்குமில்லை. அவர் உண்மையாகவே அதை ஒரு பதிலாகத்தான் சொன்னார். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. பொய்யனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன்.

கார் நிறுத்துமிடத்தில் பின்கதவு இரண்டையும் திறந்துவைத்துக்கொண்டு எங்களை வீட்டுக்கு ஏற்றிப்போக அவர் காத்திருந்தார். குடை வேறு விரித்திருந்தார், தூறல் விழுந்ததால். நாங்கள் நனைந்துகொண்டே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். அங்கிள் கடைக்குப் போக நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தார். மக்சிக் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேருந்தில் என் மனைவி கைபேசியில் எதையோ தேடிப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நீக்கப்பட்ட பெயரைத் திரும்பச் சேர்ப்பது எப்படி என்று அதில் இருந்தது. ஏன் வாக்களிக்கவில்லை என்று விளக்கி ஒரு மனு. வீட்டில் உட்கார்ந்தபடியே அனுப்பலாம். தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும். “இத்தனை வருஷத்துல இதுக்கு அவருக்கு நேரமில்ல. நமக்குப் பல்லுப் பிடுங்க நேரமிருந்துச்சு” என்றாள்.

வாக்களிப்பு நாளன்று நாடெங்கும் பொது விடுமுறை. எங்களுக்கும்தான். பக்கத்துத் தொகுதிக்காரர்கள் அடையாள அட்டையோடு போவதை நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் அக்கா வீட்டுக் கதவு அன்று முழுக்கச் சாத்தியிருந்தது. சாயங்காலம் உளுந்து வடை ஒரு தட்டுக் கொடுத்தனுப்பினார். உப்பு சரியாக இருந்தது.

மாஸ்டரோடு பிறகு பேசவில்லை. அவர் நிற்கிற மின்தூக்கியில் நான் ஏறமாட்டேன். மின்தூக்கியைப் பற்றி நான் பயந்தது வேறு வழியில் பலித்துவிட்டது. ஒரு தடவை கம்பெனி வேனில் கிராஞ்சிப் பக்கம் போனபோது அவருடைய பயிற்சிக் கார் எதிரே வந்தது. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பெண். பக்கத்து இருக்கையில் அவர். உதடு அசைந்தது. என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குக் கேட்காமலேயே தெரியும். அந்தப் பெண்ணின் தோள் கொஞ்சம் தளர்ந்ததையும் பார்த்தேன்.

அதற்கு அடுத்த தேர்தலில் எங்கள் தொகுதியில் போட்டி இருந்தது. நான் போனபோது வரிசையில் எனக்கு மூன்று பேருக்கு முன்னால் மாஸ்டர் நின்றிருந்தார். பெயரைத் திரும்பச் சேர்த்திருக்கிறார். அதிகாரி அவர் பெயரை உரக்கப் படித்தார். அவர் சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனார், வெளியே வந்தார், பெட்டிக்குள் போட்டார்.

நர்ஸ் அக்கா அதற்கு முந்தின வருஷம் இறந்துபோனார். அவர் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை.